சந்திக்காத இரு மன்னர்கள் தழுவிக்கொண்ட கதை

முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரும் பாரசீக மன்னர் ஷா அப்பாஸும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. ஆனால் 1618 வாக்கில் அபுல் ஹசன் தீட்டிய ஓவியத்தில் இருவரும் கட்டித் தழுவி நிற்கிறார்கள். இது ஜஹாங்கீர் கண்ட கனவு என்று படத்திலேயே எழுதியிருக்கிறது. கனவு என்று சொல்லிவிட்டால் யார் கேள்வி கேட்பது?

முதல் பார்வையில் நல்ல நட்புதான். அப்புறம் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஜஹாங்கீர் பருத்த உடம்போடு, நகைகள் மின்ன, கம்பீரமாக நிற்கிறார். ஷா அப்பாஸ் ஒல்லியாக, கூனிக் குறுகி அணைப்புக்குள் அடங்கிவிடுகிறார். இருவரும் நிற்பது உலக உருண்டையின் மேல். ஜஹாங்கீரின் காலடியில் சிங்கம், ஷாவின் காலடியில் ஆடு. புலியும் பசுவும் ஒரே துறையில் தண்ணீர் குடித்த ஆட்சி என்று நாம் சொல்வோமே, அதே சங்கதி. ஆனால் சிங்கம் இங்கே காலை நன்றாக நீட்டிப் படுத்து, ஆட்டை மத்தியதரைக் கடல் பக்கமாக ஒதுக்கிவிட்டது!

இரண்டு தலைகளுக்கும் பின்னால் சூரியனும் பிறையும் சேர்ந்த ஒளிவட்டம். ‘நூருத்தீன்’, அதாவது மார்க்கத்தின் ஒளி, என்பது ஜஹாங்கீரின் பட்டப்பெயர். ஆக, ஷா மேல் விழுவதும் அவருடைய வெளிச்சம்தான். ஒளிவட்டத்தைத் தாங்கும் குட்டித் தேவதைகள் ஐரோப்பியப் படங்களிலிருந்து வந்தவை. அக்பர் காலத்திலேயே ஏசு சபைப் பாதிரியார்கள் அப்படிப்பட்ட படங்களை அரண்மனைக்குக் கொண்டுவந்திருந்தார்கள்.

ஷாவின் முகமாவது கற்பனையா என்றால், அதுவும் இல்லை. 1613-இல் கான் ஆலம் தலைமையில் பாரசீகத்துக்குப் புறப்பட்ட தூதுக்குழுவோடு பிஷன்தாஸ் என்ற ஓவியரையும் ஜஹாங்கீர் அனுப்பினார். ஷாவை நேரில் பார்த்து வரைந்துவருவதுதான் அவர் வேலை. முகம் அச்சாக இருந்தால்தானே மற்ற பொய்களும் எடுபடும்?

பிசித்ர் வரைந்த இன்னொரு படத்தில் ஜஹாங்கீர் மணற்கடிகார ஆசனத்தில் அமர்ந்து ஒரு சூஃபிப் பெரியவருக்குப் புத்தகம் கொடுக்கிறார். அந்தப் பெரியவருக்குக் கீழே ஒட்டோமான் சுல்தான், அடுத்து இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ், கடைசியில் ஓவியரே. ஜேம்ஸின் முகம் ஓர் ஆங்கிலேய ஓவியத்தைப் பார்த்து வரைந்தது. நட்புக்காகத் தூதர்கள் சுமந்துவந்த படங்கள் இப்படியும் பயன்பட்டன. வரிசையில் எங்கே நிறுத்துகிறார்கள் என்பதில்தான் மரியாதையின் அளவு. ஷாஜஹானின் தர்பார்க் காட்சிகளிலும் இதே கணக்குதான்: பேரரசர் உயரத்து மாடத்தில், பிரபுக்கள் அவரவர் தகுதிப்படி கீழே.

சரி, இந்தத் தழுவலுக்கு என்ன அவசரம்? இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள காந்தஹார். அந்தக் கோட்டை ஜஹாங்கீர் கையில் இருந்தது; ஷாவுக்கும் அதன்மேல் ஒரு கண். தக்காணத்தில் முகலாயரை எதிர்த்து நின்ற, பிடிக்கவே முடியாத அகமதுநகர் தளபதி மாலிக் அம்பரின் வெட்டுண்ட தலைமேல் ஜஹாங்கீர் அம்பெய்வதாகவும் இதே அபுல் ஹசன் வரைந்திருக்கிறார். களத்தில் நடக்காததைத் தாளில் முடித்துவைப்பது அவருக்குப் பழகிய வேலை.

1622-இல் ஷா அப்பாஸின் படை காந்தஹாரைப் பிடித்துக்கொண்டது.