ரெண்டு ட்ரான்சிஸ்டரும் ஒரு ஃபோன் சார்ஜரும்: வெசாக் கூட்டு லைற் எப்படி மாறி மாறி எரியுது?

வெள்ளவத்தையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா, "அண்ணா, வெசாக் கூட்டுக்குள்ள லைற் மாறி மாறி எரியிறதுக்கு கடையில ஒரு சின்னப் பெட்டி விக்கிறாங்கள், அதை வீட்டில செய்யேலாதோ?" எண்டு. தாராளமா செய்யலாம், பிறகு அதையே கழட்டி தீபாவளிக்கும் நத்தாருக்கும் மாட்டலாம். முந்தி பெரிய தோரணங்களில உருளையில செப்புத் தகடு அடிச்சு மோட்டரால சுத்துவாங்கள், அது சுத்தச் சுத்த வரிசை வரிசையா பல்ப் எரிஞ்சு நூரும். எங்கட கூட்டுக்கு அவ்வளவு தேவையில்ல.

சாமான் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பிசி547 ட்ரான்சிஸ்டர் ரெண்டு (சுவிட்ச் மாதிரி வேலை செய்யிற சாமான்; கலெக்டர், பேஸ், எமிற்றர் எண்டு மூண்டு கால்), 47 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் ரெண்டு (சார்ஜைச் சேர்த்து வைக்கிறது), 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு, பக்கத்துக்கு அஞ்சு சிவப்பு எல்.ஈ.டி, ஒவ்வொண்டுக்கும் தனித்தனியா 330 ஓம். கரண்டுக்கு வீட்டில சும்மா கிடக்கிற 5 வோல்ட் ஃபோன் சார்ஜர் காணும். இடது ட்ரான்சிஸ்டரிட கலெக்டர்ல இருந்து ஒரு கப்பாசிற்றர் வலதிட பேஸுக்கு, வலதில இருந்து மற்றது இடதிட பேஸுக்கு, ரெண்டிலயும் ப்ளஸ் கால் கலெக்டர் பக்கம். பத்து கிலோ ரெண்டும் பேஸ்ல இருந்து ப்ளஸ்ஸுக்கு. எமிற்றர் ரெண்டும் மைனஸுக்கு. எல்.ஈ.டி ஒவ்வொண்டும் தன்ர 330 ஓமோட, ப்ளஸ்ஸில இருந்து தன்ர பக்கத்துக் கலெக்டருக்கு. அவ்வளவுதான்.

இனித்தான் எனக்குப் பிடிச்ச இடம். வலது எரியுது, இடது நூர்ந்திருக்கு எண்டு வைப்பம். அந்த நேரம் இடதிட கலெக்டர் கிட்டத்தட்ட மூண்டரை வோல்ட்டில நிக்கும், அதோட இருக்கிற கப்பாசிற்றரிட மற்றக் கால் வலதிட பேஸ்ல 0.7ல நிக்கும். இப்ப இடது ஓன் ஆகுது, அதிட கலெக்டர் சடக்கெண்டு பூச்சியத்துக்கு விழுது. கப்பாசிற்றரால தன்ர சார்ஜை உடன விட ஏலாது, ரெண்டு காலுக்கும் நடுவில இருக்கிற வித்தியாசத்தை அப்பிடியே பிடிச்சுக்கொண்டு விழும், அதால மற்றக் கால் பூச்சியத்துக்கும் கீழ, மைனஸ் ரெண்டரை வோல்ட் வரைக்கும் போயிடும்! சார்ஜர் குடுக்கிறது பூச்சியமும் அஞ்சும் மட்டும்தான், ஆனா சர்க்யூட்டுக்குள்ள ஒரு மைனஸ் வோல்ட்டேஜ் பிறந்திருக்கு. 220 மைக்ரோஃபரட் போட்டு மெதுவாக்கிட்டு பேஸ்ல மல்ரிமீற்றரை வச்சுப் பாருங்கோ, மைனஸ் குறி வந்து வந்து மறையும்.

பேஸ் மைனஸுக்குப் போனதால வலது நூர்ந்திடும். அது இப்ப கடன்காரன் மாதிரி, 10 கிலோ ஓமுக்குள்ளால கொஞ்சம் கொஞ்சமா வாற கரண்டில முதல் கடனைக் கட்டி பூச்சியத்துக்கு வரோணும், பிறகு 0.7ஐத் தொடோணும், அப்பத்தான் திரும்ப ஓன். அதுக்கு ஏறக்குறைய கால் செக்கன் போகும். ஓன் ஆன உடன அது இடதை அதே மாதிரி மைனஸுக்குத் தள்ளிவிடும். முதல் ஆர் எரியிறது எண்டு கேட்டா, ரெண்டு ட்ரான்சிஸ்டர் ஒரே பெட்டியில இருந்து எடுத்தாலும் அச்சொட்டா ஒரே மாதிரி இராது, அந்தச் சின்ன வித்தியாசமே காணும்.

ஆப்ரகாம், ப்ளோக் எண்ட ரெண்டு பிரெஞ்சுக்காரர் இதை 1919ல வெளியிட்டவை, ட்ரான்சிஸ்டர் வாறதுக்கு எவ்வளவோ முன்னம், வால்வை (பழைய ரேடியோவில இருந்த வெற்றிடக் குழாயை) வச்சு. எங்கட ஏ.எல் பௌதிகவியல்ல ட்ரான்சிஸ்டர் இருக்கு, பிள்ளையள் கணக்கும் செய்யுதுகள், ஆனா கையில சோல்டரிங் அயனைப் பிடிச்ச பிள்ளை எத்தினை? ஸ்மார்ட் போர்ட் வாங்கிற காசில ஒரு துண்டை இதுக்கு ஒதுக்கினா என்ன எண்டுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் தோணும்.

வேகம் பிடிக்காட்டி கப்பாசிற்றரை மாத்துங்கோ, 220 போட்டா ஒரு பக்கம் ஒரு செக்கனுக்குக் கொஞ்சம் கூட எரியும். ஒண்டு 47, மற்றது 220 எண்டு போட்டா ஒரு பக்கம் கனநேரம் நிண்டு மற்றது கண்ணடிச்சிட்டுப் போகும், அது இன்னும் வடிவு. எல்.ஈ.டியைக் கூட்டிக்கொண்டே போகாதேங்கோ, பிசி547 தாங்கிறது 100 மில்லி அம்பியர்தான். வெசாக் நேரம் மழையும் வரும், அதால சார்ஜரை வீட்டுக்குள்ள வச்சிட்டு 5 வோல்ட் வயரை மட்டும் வெளியில இழுங்கோ, 230 வோல்ட் கூட்டுக்குக் கிட்டவும் போகக்கூடாது.