பிளேன்டி கிளாஸில் ஒட்டியிருக்கும் பெருவிரல்

வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் ஒரு கடையில் பிளேன்டி குடித்துவிட்டு கிளாஸை மேசையில் வைக்கிறீர்கள். வெளிச்சத்துக்கு நேரே கொஞ்சம் சரித்துப் பாருங்கள், பெருவிரல் ரேகை கோடு கோடாகத் தெரியும், வடையின் எண்ணெய் பட்ட கை என்றால் இன்னும் துலக்கமாக. இதே விரலைத்தான் வேலையிடத்து வரவு மெஷினில் வைக்கிறோம், கடவுச்சீட்டு எடுக்கப் போனாலும் வைக்கிறோம், போனையும் இதால்தான் திறக்கிறோம். கடவுச்சொல்லை இப்படிப் போகிற இடமெல்லாம் எழுதி வைத்துவிட்டு வருவோமா?

டிஜிட்டல் அடையாள அட்டை பற்றிய பேச்சு வரும்போதெல்லாம், "விரலடையாளம் எடுக்கிறாங்கள்தானே, அதை ஒருத்தரும் களவெடுக்கேலாது" என்று யாராவது சொல்வார்கள். நான் அதை ஒத்துக்கொள்வதில்லை. விரல்ரேகை உங்கள் பெயரைப் போல, முகத்தைப் போல, ஊருக்கே தெரிகிற ஒன்று. அதை இரகசியம் என்று நம்பிக் கட்டுகிற எந்த அமைப்பும் ஒருநாள் உடையும். ரேகையை வாசிக்கிற கருவி எவ்வளவு கெட்டி, வாசித்ததை எங்கே வைக்கிறார்கள், இரண்டிலும்தான் பாதுகாப்பு இருக்கிறது.

கருவிக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விரலின் படம் விழுந்ததும் மென்பொருள் அதில் இரண்டு விஷயங்களைத் தேடும்: ஒரு கோடு எங்கே நின்றுபோகிறது, எங்கே இரண்டாகக் கிளை பிரிகிறது. அப்படிப்பட்ட புள்ளிகளின் இடத்தையும் திசையையும் எண்களாக எழுதி வைத்துக்கொள்ளும், அதற்குப் பெயர் டெம்ப்ளேட். அடுத்த முறை விரல் வைத்தால் புதிய எண்களைப் பழையவற்றோடு ஒப்பிடும். ஆனால் இரண்டு முறையும் எண்கள் ஒன்றாக இருக்கவே மாட்டாது. விரல் சற்றுத் திரும்பியிருக்கும், வியர்த்திருக்கும், கூட அழுத்தியிருப்போம், வெங்காயம் வெட்டிய கத்தி கீறியிருக்கும். அதனால் கருவி எவ்வளவு பொருந்துகிறது என்று பரீட்சை மாதிரிப் புள்ளி போட்டு, வைத்த எல்லையைத் தாண்டினால் கதவைத் திறக்கும்.

சிக்கலே இந்த "கிட்டத்தட்ட"வில்தான் தொடங்குகிறது. நல்ல அமைப்பு எதுவும் கடவுச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளாது, திரும்ப எடுக்க முடியாதபடி அரைத்து, அரைத்த மாவை மட்டும் வைத்துக்கொள்ளும். நீங்கள் அடிப்பதையும் அதேபோல் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கும். ஓர் எழுத்து மாறினாலும் மாவு முழுக்க வேறாகிவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறுகிற விரலுக்கு இந்த வழி சரிவராது. ஆகவே டெம்ப்ளேட்டைப் பூட்டி வைத்தாலும் ஒப்பிடும் நேரத்தில் பெரும்பாலும் திறந்தே ஆகவேண்டும். சரி, வெறும் எண்கள்தானே, போனால் போகட்டும் என்று முன்பு நினைத்தார்கள். 2007இல் இத்தாலியின் பொலோஞா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த எண்களிலிருந்தே கருவியை ஏமாற்றும் அளவுக்கு ரேகைப் படத்தைத் திரும்ப வரைந்து காட்டினார்கள்.

படம் கையில் கிடைத்தால் விரல் செய்வது பெரிய வித்தை இல்லை. 2002இல் ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தில் சுடோமு மட்சுமோட்டோவின் குழு, இனிப்புப் பண்டங்களுக்குப் போடுகிற ஜெலட்டினில் போலி விரல் வார்த்து, 11 விரல்ரேகைக் கருவிகளில் வைத்துப் பார்த்தது. பதினொன்றும் ஏமாந்தன. கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படம் பிடித்தும் அவர்கள் விரல் செய்தார்கள், நம்முடைய பிளேன்டி கிளாஸ் கதைதான். இந்தியாவில் நிலப் பதிவுப் பத்திரங்களில் வைத்த பெருவிரல் அடையாளங்களை எடுத்துச் சிலிக்கோன் விரல் செய்து, ஆதார் வழியாக மற்றவர்களின் வங்கிக் கணக்கிலிருந்து காசு எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு 2023இல் ஆதார் அமைப்பு புள்ளிகளோடு விரலின் படத்தையும் சேர்த்து, வைத்தது உயிருள்ள விரலா என்று சோதிக்கத் தொடங்கியது. உயிர்ச் சோதனை என்றால் தோலின் ஈரம், வியர்வைத் துவாரம், அழுத்தும்போது தோல் வளைகிற விதம் போன்றவற்றைப் பார்ப்பது. முகத்தை வைத்து ஆளைப் பார்க்கும் கருவி என்றால் முகத்தின் ஆழம் அளப்பது, தலையைத் திருப்பச் சொல்வது. ஆனால் கமராவுக்கு முன்னால் எதையும் காட்டாமல், கமராவையே தாண்டிச் செயலிக்குள் போலி வீடியோவை நேரே செலுத்துகிற தாக்குதலும் உண்டு, அங்கே முகத்தை மட்டும் எவ்வளவு உற்றுப் பார்த்தும் பயனில்லை.

எண்ணிக்கையும் ஒரு தொல்லை. ஐபோனின் விரல்ரேகைப் பூட்டை, பதியாத வேறொருவர் விரல் தற்செயலாகத் திறக்க வாய்ப்பு 50,000இல் ஒன்று என்கிறது அப்பிள். ஒரு போனுக்கு அது தாராளம். அதே துல்லியத்தில் ஒருவர் ரேகையை ஒரு கோடிப் பேரின் ரேகைகளுக்குள் தேடினால் 200 பேர் பிழையாகப் பொருந்துவார்கள். அதனால்தான் நாடளாவிய திட்டங்கள் பத்து விரலும் கருவிழியும் கேட்கின்றன.

இனி எங்கே வைப்பது என்ற கேள்வி. 2015இல் அமெரிக்க அரசின் ஆளணி முகாமைத்துவ அலுவலகத்திலிருந்து 56 இலட்சம் பேரின் விரல்ரேகைகள் களவு போயின. கடவுச்சொல் போனால் மாற்றலாம், அந்த 56 இலட்சம் பேருக்கு மாற்ற வேறு விரல் கிடையாது. களவு மட்டுமே ஆபத்தும் இல்லை. 2021இல் ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைகள் பயன்படுத்திய ரேகை, கருவிழிக் கருவிகள் தலிபான் கையில் போயின. 1983 ஜூலையில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்தவர்களைப் பற்றிக் கேட்டு வளர்ந்த கொழும்புத் தமிழருக்கு, நல்ல நோக்கத்துக்காக எழுதிய பட்டியல் வேறு கைக்குப் போனால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியாவின் நன்கொடையோடு 2022 மார்ச்சில் உடன்படிக்கை கைச்சாத்தானது. ஒரே ஆள் இரண்டு பெயரில் பதியாமல் பார்க்க ரேகைகளை ஓரிடத்தில் தேடத்தான் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் பதிவு முடிந்த பிறகு, வங்கிக்கும் வைத்தியசாலைக்கும் போகிற ஒவ்வொரு தரமும் அந்த மையத்தின் கதவைத் தட்டத் தேவையில்லை. புதிய போன்கள் எப்படிச் செய்கின்றன என்று பாருங்கள்: ரேகை போனுக்குள் தனிச் சிப் ஒன்றில் பூட்டிக் கிடக்கும், ஒப்பீடும் அங்கேயே நடக்கும், வெளியே போவது "ஆள் சரி" என்கிற டிஜிட்டல் கையொப்பம் மட்டும். போன் தொலைந்தால் அந்தக் கையொப்பத்தைப் போடுகிற டிஜிட்டல் திறப்பை (சாவியை) இரத்துச் செய்து புதிது எடுக்கலாம். அடையாள அட்டையின் சிப்பிலும் இதையே செய்யலாம்.

மையத்தில் வைத்தே தீரவேண்டிய ரேகைக்கும் ஒரு வழி 2001இலேயே ஐபிஎம் ஆய்வாளர்கள் சொன்னது இருக்கிறது. சேமிக்குமுன் ரேகையை ஒரு குறித்த விதத்தில் வளைத்து நெளித்து, நெளித்ததை மட்டும் வைப்பது. களவு போனால் வேறு விதமாக நெளித்துப் புதிதாகப் பதியலாம், வங்கிக்கு ஒரு நெளிவு, அலுவலகத்துக்கு வேறு நெளிவு. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது, ஏனென்றால் இல்லாத பதினோராவது விரலை இது உண்டாக்கித் தருகிறது. ஒப்பீட்டின் துல்லியம் கொஞ்சம் குறையலாம் என்பதுதான் விலை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரியல் அடையாளங்களைத் தனியே கவனிக்கவேண்டிய தரவு வகையில் வைத்திருக்கிறது. ஆகவே வேலையிடத்தில் மெஷின் பூட்டினால், ரேகை எங்கே சேமிக்கப்படுகிறது, நான் வேலையை விட்டால் எப்போது அழிப்பீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்புறம், மெஷினுக்கு விரல் பிடிபடாதவர்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் மாமி முப்பது வருசம் இடியப்பம் அவித்து விற்றவர். ஆவியும் சூடும் பட்டுப்பட்டு விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிற்று. ஓர் அலுவலகத்தில் நாலு தரம் வைத்தும் சிவப்பு லைட்தான். துணியால் துடைத்து, ஊதி, மற்றக் கை விரலும் வைத்துப் பார்த்தார். "நான்தான் பிள்ளை, நான்தான்" என்று மெஷினைப் பார்த்தே சொன்னார். மேசையில் இருந்த பிள்ளை அடையாள அட்டையை வாங்கி முகத்தோடு ஒத்துப் பார்த்து, பழைய கொப்பி ஒன்றை எடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தக் கொப்பியை எந்தத் திட்டமும் மேசையிலிருந்து எடுத்துவிடக் கூடாது.