ஊதிப் பார்த்தால் காசநோய் தெரியாது

"ஏற்கெனவே ஊதிப் பார்த்துவிட்டார்கள் டாக்டர், நுரையீரல் நன்றாக இருக்கிறதாம்" என்று சொல்லி, பிளாஸ்டிக் உறையிலிருந்து ஓர் அறிக்கையை எடுத்து நீட்டினார் அந்தப் பெண். வயது 34, தையல் வேலை. மூன்று மாதமாக இருமல், மாலையானால் காய்ச்சல். ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தார். சளியைப் பரிசோதித்தோம், காசநோய். வீட்டில் நான்கு வயதுக் குழந்தை. இத்தனை நாளும் இருவரும் ஒரே பாயில்தான் படுத்திருக்கிறார்கள்.

இந்த மாதம் இப்படி அறிக்கையோடு வந்த மூன்றாவது ஆள் இவர்.

குழாயில் ஊதச் சொல்கிறார்களே, அந்த ஸ்பைரோமெட்ரி ஆஸ்துமா போன்ற நோய்களுக்கானது. எவ்வளவு காற்றை, எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறீர்கள் என்று மட்டும்தான் அது அளக்கும். கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. நுரையீரலின் ஒரு மூலையில் காசநோய் புகுந்திருக்கும்போதுகூட ஊதும் அளவு சரியாகவே வரலாம். காசநோய் சந்தேகம் இருப்பவரை ஊதவே வைக்கக் கூடாது; அறையில் இருப்பவர்களுக்கும் தொற்றும். இதை என் சக மருத்துவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"மூச்சிலேயே காசநோயைக் கண்டுபிடிக்கும் கருவி வந்துவிட்டதாமே?" என்றும் கேட்கிறார்கள். மூச்சில் கலந்திருக்கும் வேதிப்பொருள்களை வைத்து நோயை அறியும் ஆராய்ச்சி பல ஆண்டுகளாக நடக்கிறது. நல்ல முயற்சிதான். ஆனால் புகைபிடித்தாலும், வேறு நுரையீரல் நோய் இருந்தாலும் அந்த வேதிப்பொருள்கள் மாறும். அதை நம்பி மருந்து தொடங்கும் நிலை இன்னும் வரவில்லை. நம்ப முடியாத பரிசோதனையால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப்பொருளை இரத்தத்தில் பார்த்துக் காசநோய் என்று சொன்ன பரிசோதனைகள் தவறான முடிவுகளைத் தந்ததால், இந்திய அரசு 2012இல் அவற்றைத் தடைசெய்தது. அதற்கு முன் அவற்றுக்காக எத்தனை பேர் பணத்தைக் கொட்டினார்கள்!

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சளியைக் கொடுங்கள். அங்கே செய்யும் ட்ரூநாட், ஜீன் எக்ஸ்பர்ட் என்ற சளிப் பரிசோதனைகள் இரண்டும் கிருமியின் மரபணுவையே தேடுகின்றன. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்பதும் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். காசு வாங்க மாட்டார்கள்.

எச்சிலைத் துப்பிக் கொடுக்காதீர்கள். காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்துவிட்டு, திறந்த வெளிக்குப் போய், இரண்டு மூன்று முறை மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமுங்கள். கெட்டியான சளி டப்பாவில் விழ வேண்டும். மூடியை இறுக்குங்கள். கூச்சமாக இருக்கிறது என்று பெண்கள் பலர் நுரையை மட்டும் கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், அம்மா.

நோய் உறுதியானால் வீட்டில் இருக்கும் குழந்தைகளையும் அழைத்து வாருங்கள், இருமல் இல்லாவிட்டாலும். அந்தப் பெண்ணின் குழந்தைக்கு நோய் இல்லை. தடுப்பு மருந்து தொடங்கியிருக்கிறோம்.