ஒரு டன் செம்புக்கு 200 டன் பாறை

"பூமியில் செம்பு இன்னும் எத்தனை வருஷத்துக்கு வரும்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கையும் கையோடு கொண்டுவருகிறார்கள். உலகில் தோண்டத் தகுந்த செம்பு இருப்பு ஏறத்தாழ 100 கோடி டன் என்கிறது அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம். 2023-இல் சுரங்கங்களிலிருந்து வந்தது சுமார் 2.2 கோடி டன். வகுத்தால் 45 ஆண்டு. அதற்கப்புறம் வயரும் கிடையாது, மோட்டாரும் கிடையாது.

கணக்கு சரி, அர்த்தம் தப்பு. ஐம்பது ஆண்டுக்கு முன் இதே வகுத்தலைப் போட்டிருந்தாலும் 40, 50 ஆண்டு என்றுதான் விடை வந்திருக்கும். 'இருப்பு' என்பது பூமியில் உள்ள மொத்தச் செம்பு அல்ல. இன்றைய விலையில், இன்றைய முறையில் எடுத்தால் கட்டுப்படியாகும் அளவு மட்டுமே அது. விலை ஏறினால் இருப்பும் ஏறும். சாதாரணப் பாறையில்கூட டன்னுக்கு ஐம்பது கிராம் அளவில் செம்பு இருக்கிறது. ஆகவே செம்பு அணுக்களுக்குப் பஞ்சம் வரப்போவதில்லை. குறைந்துகொண்டே வருவது அவை ஓரிடத்தில் குவிந்திருக்கும் அளவு. சுரங்கக்காரர்கள் இதைத் தாதுவின் தரம் என்பார்கள்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்ஹாம் கேன்யன் சுரங்கம் 1906-இல் திறந்தவெளியில் வெட்டப்பட்டபோது, 2 சதவீதத் தாதுவைத் தோண்டுவதா என்று சிரித்தவர்கள் உண்டு. இன்று உலகச் சுரங்கங்களின் சராசரி 0.6 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. இந்தச் சரிவு மின்சாரக் கட்டணத்தில் எப்படி வந்து விழுகிறது என்பதுதான் விஷயமே.

வெடிவைத்துப் பெயர்ப்பது, முந்நூறு டன்னுக்கு மேல் சுமக்கும் லாரிகளில் மேலே ஏற்றுவது எல்லாம் தெரிந்த கதை. கடைசியில் உருக்கி, கொப்புளக் காப்பராக்கி, மின்னாற்பகுப்பில் 99.99 சதவீதமாகத் தூய்மைப்படுத்துவதும் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். நடுவே ஒரு கட்டத்தைப் பாடப்புத்தகம் 'தாதுவைத் தூளாக்கி' என்று இரண்டே சொல்லில் தாண்டிவிடும். மின்சாரத்தைப் பெருமளவில் விழுங்குவது அந்த இரண்டு சொல்தான்.

செம்பு பெரும்பாலும் காப்பர் பைரைட் என்ற சல்பைடு கனிமமாக, பொடிப்பொடித் துணுக்குகளாகப் பாறைக்குள் சிதறிக் கிடக்கிறது. துணுக்கை வெளியே எடுக்க, பாறையை அந்தத் துணுக்கின் அளவுக்கே உடைத்தாக வேண்டும். சுமார் 100 மைக்ரான், அதாவது ஒரு தலைமுடியின் பருமன். இதைச் செய்வது பந்து ஆலை. படுக்கவைத்த ராட்சத எஃகு உருளை. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு 5 முதல் 7.5 செ.மீ. எஃகுப் பந்துகள், கூடவே பாறையும் தண்ணீரும். 6 மீட்டர் விட்டமுள்ள ஆலை நிமிடத்துக்குச் சுமார் 13 சுற்றுதான் சுற்றும். 17-ஐத் தாண்டினால் பந்துகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுழலும், ஒன்றும் உடையாது. ரொம்பவும் மெதுவாகச் சுற்றினால் பந்துகள் விழுந்து மோதாமல் சரிந்து உரசும். பாறைக்குப் பதில் ஆலையின் உள்தகடுதான் தேயும்.

இந்த இயந்திரத்தைப் பார்த்து ஒரு பொறியாளர் வெட்கப்படவே வேண்டும். செலுத்தும் ஆற்றலில் புதிய பாறைப் பரப்பை உண்டாக்கப் போவது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். பந்து பந்தோடு மோதுகிறது, தண்ணீரைக் கலக்குகிறது, மீதியெல்லாம் சூடு. வெளியே வரும் சேறு வெதுவெதுப்பாக வரும். பந்துகளும் கரைகின்றன. ஒரு டன் தாதுவை அரைக்க அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை எஃகு தேய்ந்து சேற்றோடு போய்விடும்.

எவ்வளவு மின்சாரம் ஆகும் என்பதற்கு 1952-இல் ஃபிரெட் பாண்ட் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதன்படி 10 செ.மீ. கல்லை 100 மைக்ரானுக்குக் கொண்டுவர, வழக்கமான செம்புத் தாதுவுக்கு டன்னுக்குச் சுமார் 12.5 யூனிட் ஆகும். ஒரு சராசரி வீட்டின் சில நாள் செலவு. பெரிதாகத் தோன்றாது. ஆனால் 0.6 சதவீதத் தாதுவில் 85 சதவீதச் செம்பு கைக்கு வரும் என்று வைத்தால், ஒரு டன் செம்புக்கு அரைக்க வேண்டிய பாறை 196 டன். அரைவைக்கு மட்டும் ஏறத்தாழ 2,450 யூனிட். கூடவே 100 முதல் 200 கிலோ வரை எஃகுப் பந்து. கடைசியில் மின்னாற்பகுப்புக்கு ஆவதோ 300, 400 யூனிட்தான்.

அரைத்தபின் நடப்பது வேதியியலின் மிக அழகான தந்திரங்களில் ஒன்று. காப்பர் பைரைட் தண்ணீரைவிட நாலு மடங்கு கனம். அதை மிதக்க வைக்கிறார்கள்! சேற்றில் ஒரு டன் தாதுவுக்கு இருபது, முப்பது கிராம் சாந்தேட் என்ற வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது. அதன் மூலக்கூறின் தலையில் கந்தகம். அது சல்பைடு கனிமத்தின் மேல் போய்ப் பிடித்துக்கொள்ளும். வால் ஹைட்ரோகார்பன், வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீரை அண்டவிடாது. துணுக்கு முழுவதும் எண்ணெய் பூசியது போலாகிவிடும். அடியிலிருந்து காற்றைச் செலுத்தினால், தண்ணீர் பிடிக்காத துணுக்குகள் குமிழியில் தொற்றிக்கொண்டு மேலே நுரையோடு வந்துவிடும். தண்ணீரில் நனையும் சிலிக்கேட்டுகள், அதாவது சாதாரணப் பாறைத் துணுக்குகள், கீழேயே கிடக்கும். 0.6 சதவீதமாக உள்ளே போனது, நுரையில் 25, 30 சதவீதமாக வெளியே வரும்.

கெட்டுப்போவதற்கும் இதில் வழி நிறைய. சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை pH 10.5, 11-இல் பிடித்து வைக்காவிட்டால் வெறும் இரும்பு பைரைட்டும் சேர்ந்து மிதக்கும். உருக்காலைக்குச் செம்புக்குப் பதில் இரும்பும் கந்தகமும் போகும். துணுக்கு 150, 200 மைக்ரானுக்கு மேலே போனால் கனம் தாங்காமல் குமிழியிலிருந்து கழன்று விழும். அதற்காக நைஸாக அரைத்துத் தள்ளினாலும் வம்பு. 10 மைக்ரானுக்குக் கீழே போன தூசு குமிழியில் மோதவே மோதாது. குமிழியைச் சுற்றி வளைந்தோடும் தண்ணீரோடு அதுவும் நழுவிப்போகும்.

தரம் குறைந்த தாதுவில் பல நேரம் துணுக்கும் சிறிதாகவே இருக்கும். 150 மைக்ரானுக்கு அரைத்துவந்த இடத்தில் 40-க்கு அரைக்க வேண்டியிருந்தால் பாண்ட் சூத்திரப்படி டன்னுக்கான மின்சாரம் இரட்டிப்பாகும். அதாவது அரைக்க வேண்டிய டன்களும் கூடும், டன்னுக்கு ஆகும் செலவும் கூடும்.

இரண்டாவதை விட்டுவிடுவோம். முதலாவது மட்டுமே என்ன செய்கிறது? 2 சதவீதத் தாதுவில் ஒரு டன் செம்புக்கு அரைவை சுமார் 740 யூனிட். 0.6-இல் 2,450. 0.3-இல் 4,900. தரம் பாதியானால் செலவு இரட்டிப்பு. வரைபடத்தில் போட்டால் முதலில் சோம்பலாகப் படுத்திருந்து, கடைசியில் செங்குத்தாக எழும் கோடு.

வெப்ப இயக்கவியல் இதை ஒப்புக்கொள்ளாது என்பதுதான் வேடிக்கை. கலந்துகிடப்பதைப் பிரிக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பது மடக்கையில் போகிறது. செம்பு அணு அணுவாகவே கலந்திருக்கிறது என்று வைத்தாலும், 0.6-லிருந்து 0.3-க்குத் தரம் இறங்கினால் ஒரு மோலுக்குக் கூடுவது RT ln 2 மட்டும் (R வாயு மாறிலி, T வெப்பநிலை); அறை வெப்பநிலையில் சுமார் 1.7 கிலோஜூல். டன் செம்புக்கு மாற்றினால் ஏழரை யூனிட்! உண்மையில் நாம் கட்டுவது கூடுதலாக 2,450. ஏன் இவ்வளவு வித்தியாசம் என்றால், நம் இயந்திரம் செம்பைத் தேடிப்போய் எடுப்பதில்லை. செம்பில்லாத பாறையையும் சேர்த்து முழுக்கத் தூளாக்கிவிட்டு, அதிலிருந்து செம்பைப் பொறுக்குகிறது.

இங்கே ஒரு கசப்பைச் சொல்லியே ஆக வேண்டும். சிறுகோளில் போய்ச் சுரங்கம் வெட்டுவதற்கு முதலீட்டாளர்கள் பணத்தைக் கொட்டியிருக்கிறார்கள். நூற்றில் 99 பங்கு சூடாக வீணாகும் அரைவையைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அந்த மவுசு கிடையாது. பாறை உடைப்பதில் கவர்ச்சி இல்லை போலும்.

சரி, தரம் இறங்க இறங்க அரைத்துக்கொண்டே போகலாமா? அதற்கும் ஒரு தரை இருக்கிறது. யேல் பல்கலைக்கழக நிலவியலாளர் பிரையன் ஸ்கின்னர் 1976-இல் எழுதியது இது: செம்பு சுமார் 0.1 சதவீதத்துக்குக் கீழே போனால் தனிக் கனிமமாகவே இருக்காது. சிலிக்கேட் படிகத்தில் மெக்னீசியமோ இரும்போ உட்கார வேண்டிய இடத்தில் ஒற்றை அணுவாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது எவ்வளவு நைஸாக அரைத்தாலும் துணுக்கு என்று ஒன்று கிடைக்காது. சாந்தேட்டுக்குப் பிடிக்க இடமிருக்காது. பாறை முழுவதையும் வேதியியல் முறையில் கலைத்தாக வேண்டும். ஆற்றல் தேவை பத்து மடங்கு, நூறு மடங்கு என்று ஒரே தாவாகத் தாவும். டன்னுக்கு ஐம்பது கிராம் செம்பு எல்லாப் பாறையிலும் இருக்கிறது என்று சொன்னோமே, அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது.

எதிர்த்தரப்புக்கும் வலுவான வாதம் உண்டு. 1980-இல் பொருளியலாளர் ஜூலியன் சைமனும் உயிரியலாளர் பால் எர்லிக்கும் செம்பு உட்பட ஐந்து உலோகங்களின் விலை மேல் பந்தயம் கட்டினார்கள். மனித மூளை வழி கண்டுபிடித்துவிடும், விலை ஏறாது என்றார் சைமன். பத்தாண்டில் விலை ஏறும் என்றார் எர்லிக், இறங்கியது. 1990-இல் எர்லிக் 576.07 டாலருக்குக் காசோலை அனுப்பினார். சைமன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. மேலே பார்த்த நுரை மிதப்பு முறையே மனித மூளையின் வெற்றிதான். அது இல்லாவிட்டால் 1 சதவீதத் தாதுவைத் தொட்டிருக்கவே முடியாது. ஆனால் பத்தாண்டு விலை என்பது பெட்ரோல், வட்டி, மந்தநிலை ஆகியவற்றின் ஆட்டம். பாறையின் தரத்தை அது காட்டாது. 'தொழில்நுட்பம் பார்த்துக்கொள்ளும்' என்று கண்ணை மூடிச் சொல்வதற்கும் மந்திரம் ஓதுவதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்து மறுசுழற்சி. செம்பு தேயாது, கெடாது, உருக்கினால் மறுபடி செம்புதான், எல்லாம் உண்மை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் 90 சதவீதம் மீண்டாலும் ஏழாவது சுற்றில் பாதிதான் மிஞ்சும். அதைவிடப் பெரிய இடி வளர்ச்சி. 1900-இல் உலகம் தோண்டியது சுமார் 5 லட்சம் டன், 2000-இல் 1.3 கோடி டன். ஆண்டுக்கு 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மோட்டாரும் கேபிளும் 30 ஆண்டு உழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இன்று பழைய பொருளாகத் திரும்புவது 30 ஆண்டுக்கு முன் செய்தது. 3 சதவீத வளர்ச்சியில் இன்றைய தேவை 100 டன் என்றால் அன்று செய்தது 41 டன். ஒரு கிராம்கூட வீணாகாமல் மீட்டாலும் மிச்சம் 59 டன்னுக்குச் சுரங்கத்துக்குத்தான் போக வேண்டும். பெட்ரோல் கார் ஒன்றில் இருபத்துச் சொச்சம் கிலோ செம்பு. மின்சாரக் காரில் 80 கிலோ அளவுக்கு வரும். வளர்ச்சி நின்றால் மட்டுமே மறுசுழற்சியால் தேவையை எட்டிப்பிடிக்க முடியும். 

கலந்துவிட்ட செம்பு இன்னொரு உலோகத்தையும் கெடுக்கும். பழைய காரை அப்படியே நொறுக்கினால் வயர் துண்டுகள் இரும்போடு சேர்ந்து உலைக்குப் போகும். இரும்பைவிடச் செம்பு ஆக்சிஜனோடு சேரத் தயங்குவது. எனவே கசடில் போகாமல் எஃகிலேயே தங்கிவிடும். பிறகு அந்த எஃகை உருட்டுவதற்காக 1,100 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது மேற்பரப்பு இரும்பு துருவாக உதிர, செம்பு மட்டும் ஒதுங்கித் திரளும். அது 1,085 டிகிரியிலேயே உருகும். உருகிய செம்பு எஃகின் நுண்படிக மணிகளுக்கு இடையே ஊடுருவ, தகடு உருளையில் விரிசல் விடும். கட்டுமானக் கம்பி 0.4 சதவீதச் செம்பு வரை பொறுத்துக்கொள்ளும். காரின் வெளித்தகட்டுக்கு 0.06-க்கு மேல் ஆகாது. தீர்வாக ஆலைகள் செய்வது, சுரங்கத்திலிருந்து வந்த புது இரும்பை ஊற்றி நீர்க்கச் செய்வது.

சிலியில் எல் தெனியெந்தே சுரங்கத்தின் பழைய கழிவுச்சேற்றைத் திரும்ப எடுத்துச் செம்பு பிரிக்கிறார்கள். போன நூற்றாண்டின் தாது செழிப்பு, முறையோ கச்சா. கழிவிலேயே நிறையத் தங்கிவிட்டது. பெரும்பாலும் அரைத்தும் வைத்துவிட்டார்கள், அந்தக் கரண்ட் பில்லை அப்போதே கட்டியாகிவிட்டது. இன்று 0.6 சதவீதத் தாதுவில் 85 சதவீதத்தை எடுத்துவிட்டு நாம் கொட்டும் சேற்றில் மிஞ்சுவது 0.09 சதவீதம்.