சாங்ஷன்: தடையா, தண்டமா, முற்றுகையா?

எங்கள் பெரியப்பா டிவியில் ஆங்கிலச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். கியூபாவுக்கு அமெரிக்கா சாங்ஷன் என்று கீழே ஓடியது. "எவ்வளவாம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம், ஆனால் அவர் மேல் தப்பே இல்லை. லோன் சாங்ஷன், லீவு சாங்ஷன், பில் சாங்ஷன் என்று ஆபீஸில் 30 வருஷம் கேட்ட காது அது. நம்மூரில் சாங்ஷன் என்றால் வீட்டில் கேசரி கிண்டுகிற சமாச்சாரம். அதே சொல் எப்படி ஒரு நாட்டின் வயிற்றில் அடிக்கிற வேலைக்கும் பெயரானது?

மூலம் லத்தீன். 'சாங்கிரே' என்றால் புனிதமாக்கி உறுதிப்படுத்துவது, தேவாலயத்துக் 'செயின்ட்'டும் அதே வேரில் முளைத்ததுதான். ரோமானியர் ஒரு சட்டத்தை எழுதி, இதை மீறினால் இன்ன தண்டனை என்று அதில் ஒரு பகுதி சேர்ப்பார்கள், அந்தப் பகுதிக்குப் பெயர் 'சாங்க்தியோ'. ஆக, உறுதிப்படுத்துவது ஒரு கை, மீறினால் அடிப்பது இன்னொரு கை, இரண்டும் ஒரே உடம்பு. ஒப்புதல் என்ற பொருள் நம் வங்கிகளுக்கு வந்தது. தண்டனை என்ற பொருள் முதல் உலகப் போருக்குப் பிறகு நாடுகளுக்கு இடையிலான பேச்சுக்குப் போனது. போர் தொடுக்கிற நாட்டோடு யாரும் வியாபாரம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1919இல் எழுதப்பட்ட சர்வதேச சங்க (ஐ.நா.வுக்கு முன்னோடி) உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு சொன்னது. துப்பாக்கி எடுக்காமலே ஒரு நாட்டைப் பணியவைக்கலாம் என்ற நம்பிக்கை அப்போதே வேர் பிடித்துவிட்டது.

தமிழில் நாம் இதற்குப் 'பொருளாதாரத் தடை' என்கிறோம். கொடு கொடையானது போல, விடு விடையானது போல, தடு தடையாயிற்று. சொல்லில் குறை இல்லை. இதை அகராதியில் படிக்காமல் உடம்பால் தெரிந்துகொண்ட தமிழர்களும் உண்டு. 1990களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களிடம் பொருளாதாரத் தடை என்று சொல்லிப் பாருங்கள், பெற்றோல், பற்றரி, சீமெந்து, யூரியா என்று வராத பொருட்களின் பட்டியல் ஒப்பிப்பார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் வைத்து விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி. எனக்குத் தெரிந்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர், "செய்தி கேட்டு முடியிறதுக்குள்ள கை விட்டுப் போயிடும்" என்பார்.

சிக்கல் எங்கே என்றால், ஆங்கிலத்தில் சாங்ஷன், எம்பார்கோ, பிளாக்கேடு, பாய்காட் என்று நாலு தனித்தனிச் சரக்கு இருக்க, நம் பத்திரிகைகள் முக்கால்வாசி நேரம் நாலுக்கும் தடை என்ற ஒரே சாக்கைக் கட்டிவிடுகின்றன. வித்தியாசம் தெரிய கியூபாவை விட நல்ல பாடம் கிடையாது. அந்தத் தீவின் மேல் இந்த நாலில் மூன்றைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.

1959 ஜனவரியில் கியூபாவின் சர்வாதிகாரி பாட்டிஸ்டா ஓடினார், ஃபிடல் காஸ்ட்ரோ வந்தார். அடுத்த வருஷம் சோவியத் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க மாட்டோம் என்று கியூபாவில் இருந்த அமெரிக்க, பிரிட்டிஷ் ஆலைகள் மறுத்தன. ஃபிடல் ஆலைகளை எடுத்துக்கொண்டார். பதிலுக்கு அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1960 ஜூலையில் கியூபாவிடம் வாங்க வேண்டிய சர்க்கரையில் 7 லட்சம் டன்னை வெட்டினார். அதை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம் என்று மாஸ்கோ சொன்னது. அக்டோபரில் உணவும் மருந்தும் தவிர மற்ற ஏற்றுமதி நின்றது. 1962 பிப்ரவரியில் கென்னடி முழுத் தடையில் கையெழுத்துப் போட்டார். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் தன் பத்திரிகைச் செயலர் பியர் சாலிஞ்சரைக் கூப்பிட்டு, ஆயிரம் கியூபச் சுருட்டு வாங்கி வை என்றாராம். மறுநாள் காலை 1,200 சுருட்டு வந்து சேர்ந்தபிறகுதான் மேசை இழுப்பறையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார் என்று சாலிஞ்சரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்தத் தாளின் பெயர் எம்பார்கோ. ஸ்பானிய மொழியில் 'எம்பார்கார்' என்றால் போகவிடாமல் பிடித்து வைப்பது. கடனைக் கட்டாதவன் வீட்டுச் சாமானை நீதிமன்றம் எடுத்துப்போனால் அதுவும் அங்கே எம்பார்கோதான், அதாவது நம்ம ஜப்தி. பழைய காலத்தில் துறைமுகத்தில் நிற்கிற கப்பலைக் கிளம்பவிடாமல் பிடித்து வைத்த ஆணையிலிருந்துதான் வாணிபத்தடை என்ற பொருள் வந்தது. இன்னொரு வேடிக்கை, ஸ்பானியத்தில் 'ஆனாலும்' என்று சொல்ல 'சின் எம்பார்கோ' என்பார்கள், பிரித்துப் பார்த்தால் 'தடை இல்லாமல்'. கியூபாக்காரர் வாயில் ஒரு நாளைக்கு எத்தனை முறை வருமோ!

அதே 1962 அக்டோபர், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வந்து இறங்கிய நெருக்கடி. கென்னடி கப்பற்படையை அனுப்பித் தீவைச் சுற்றி வளைத்தார், ஆனால் பிளாக்கேடு என்ற சொல்லைத் தொடவே இல்லை. சர்வதேசச் சட்டப்படி பிளாக்கேடு என்பது போர்ச் செயல். அதனால் 'குவாரன்டைன்' என்றார். கொரோனாவில் நம் வீட்டுக் கதவில் ஸ்டிக்கர் ஒட்டினார்களே, அதே சொல். வெனிஸ் துறைமுகத்தில் கப்பலை 40 நாள் நிறுத்தி வைத்ததிலிருந்து வந்தது. பெயரை மாற்றினால் போர் நோயாகிவிடும்.

கியூப அரசு மட்டும் எம்பார்கோ என்று சொல்வதே இல்லை. அவர்கள் சொல் 'ப்ளோக்கேயோ', முற்றுகை. தூக்குக் கயிறு படம் போட்டு இதை விளம்பரப் பலகையாகவே சாலையில் வைத்திருந்தார்கள். 13 நாள் நெருக்கடியும் அதன் வால்பகுதியும் போக, கப்பற்படை தீவைச் சுற்றி நின்றுகொண்டிருக்கவில்லை, மற்ற நாடுகளோடு கியூபா வியாபாரம் செய்துகொண்டுதான் இருந்தது. அந்தக் கணக்கில் முற்றுகை என்பது மிகை. ஆனால் 1992இல் வந்த டோரிசெல்லி சட்டம், கியூபத் துறைமுகத்தில் வணிகத்துக்காக நின்ற கப்பல் 180 நாளைக்கு அமெரிக்காவில் சரக்கு ஏற்றவோ இறக்கவோ கூடாது என்றது. நீங்கள் கப்பல் முதலாளியாக இருந்தால் ஹவானாவுக்கு ஒரு நடை போவீர்களா? கியூபா, ஈரான், சூடான் பணத்தைக் கையாண்டதற்காக 2014இல் பிஎன்பி பாரிபா என்ற பிரெஞ்சு வங்கி கிட்டத்தட்ட 900 கோடி டாலர் அபராதம் கட்டியது. தன் வீட்டுக் கதவைச் சாத்துவது தடை, ஊரில் உள்ளவன் எல்லாம் கதவைச் சாத்தும்படி மிரட்டுவது தடைக்கும் முற்றுகைக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது.

முற்றுகை என்றதும் தமிழுக்கு நினைவு வருவது பறம்பு மலை. மூவேந்தரும் சேர்ந்து பாரியின் மலையை வளைத்து நிற்க, உழவர் உழாமலே விளையும் மூங்கில் நெல்லும் பலாவும் வள்ளிக்கிழங்கும் தேனும் உள்ளே இருக்கின்றன, உங்களால் பட்டினி போட முடியாது என்று கபிலர் சொல்வார். கியூபாவுக்கு அந்த நான்கும் மாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தன. சர்க்கரைக்குச் சந்தையை விட அதிக விலை, எண்ணெய் மலிவு விலை. 30 வருஷம் தடை இருந்தும் கடிக்காமல் போனதற்கு இதுதான் காரணம்.

இப்போது அரசியல் மாற்றத்துக்கு வருவோம். இந்தத் தடையின் நோக்கத்தை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. 1960 ஏப்ரல் 6ஆம் தேதி லெஸ்டர் மாலரி என்ற அமெரிக்க வெளியுறவுத் துறை அதிகாரி எழுதிய குறிப்பு பின்னால் வெளியானது. பெரும்பாலான மக்கள் காஸ்ட்ரோ பக்கம் இருக்கிறார்கள், பணத்தையும் சரக்கையும் நிறுத்திப் பசியும் விரக்தியும் உண்டாக்கினால்தான் ஆட்சி கவிழும் என்று மழுப்பாமல் எழுதியிருந்தார்.

பசி வந்தது. 1991இல் சோவியத் கலைந்ததும் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. அரசு அதற்கு வைத்த பெயர் 'சிறப்புக் காலம்' (ஆட்சியாளர்கள் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள், எந்த ஊரானாலும்). பஸ் ஓடாமல் சீனத்து சைக்கிள்கள் லட்சக்கணக்கில் இறங்கின, சத்துக்குறைவோடு தொடர்புள்ள நரம்பு நோயில் 50,000 பேருக்கு மேல் அவதிப்பட்டார்கள், பலருக்குப் பார்வை மங்கியது. 1994 ஆகஸ்ட் 5 அன்று ஹவானாவின் கடற்கரைச் சாலையில் கூட்டம் திரண்டது, கல் பறந்தது. ஃபிடலே நேரில் வந்து நின்றார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? போகிறவர்களைத் தடுக்காதே என்று கடலோரக் காவலை விலக்கிவிட்டார். லாரி டியூபிலும் மரப்பலகையிலும் தெப்பம் கட்டிக்கொண்டு 30,000 பேருக்கு மேல் கிளம்பினார்கள். கவிழ்ப்பார்கள் என்று எதிர்பார்த்த ஆட்கள்தான் தெப்பத்தில் ஏறிப்போனவர்கள். 1980இல் மரியெல் துறைமுகம் வழியாக 1,25,000 பேர் போனதும் இதே கதைதான்.

இன்னொரு விஷயம், 'லிப்ரெத்தா'. நம்ம ரேஷன் கார்டு மாதிரி ஒரு சின்னப் புத்தகம், 1962இலிருந்து இருக்கிறது. அரிசி, பருப்பு, சர்க்கரை, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பன், 7 வயது வரை குழந்தைக்குப் பால். கடைக்காரர் ஒவ்வொரு கட்டத்திலும் பேனாவால் கோடு போட்டுத் தருவார். வெளியே சரக்கு குறையக் குறைய இந்தப் புத்தகத்தின் மதிப்பு கூடும், புத்தகத்தைக் கொடுப்பது யார்? அரசு. பன் 2024இல் 80 கிராமிலிருந்து 60 கிராமாக இளைத்தபோதும் அதை நிறுத்துப் போட்டது அதே கை. தட்டுப்பாடு ஆட்சியைப் பலவீனமாக்கும் என்பது பாதி உண்மை, தட்டுப்பாட்டைப் பங்கிடுகிறவனுக்கு அது பலமும் கொடுக்கும்.

அதற்காகக் கியூபாவின் கஷ்டம் எல்லாமே வாஷிங்டன் செய்தது என்று சொல்ல நான் தயாரில்லை. 1968இல் சாண்ட்விச் தள்ளுவண்டி, சலவைக்கடை, செருப்புத் தைக்கிற கடை வரை 50,000க்கும் மேற்பட்ட சிறு வியாபாரங்களை ஒரே வீச்சில் அரசுடைமை ஆக்கியது ஃபிடல்தான், அமெரிக்கா இல்லை. கியூபாக்காரர்கள் இதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள், 'ப்ளோக்கேயோ இந்தேர்னோ', உள்முற்றுகை. ஆனால் வெளிமுற்றுகை இருக்கிற வரைக்கும் உள்முற்றுகையைப் பற்றிப் பேசுகிறவனைத் துரோகி என்று சுலபமாகச் சொல்லிவிடலாம், அதுதான் வசதி.

மாற்றமே இல்லையா? பொருளாதாரத்தில் உண்டு. 1993இல் டாலர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், 1994இல் உழவர் சந்தை, அப்புறம் வீட்டிலேயே உணவகம், 2021இல் சிறு நிறுவனங்கள். கம்யூனிஸ்ட் கட்சியின் பிடியில் மட்டும் ஒரு திருகு கூடத் தளரவில்லை. ஃபிடலுக்குப் பின் தம்பி ராவுல், 2018இல் டியாஸ் கனேல். 2021 ஜூலை 11 அன்று நாடு முழுக்க மக்கள் தெருவில் இறங்கினார்கள், தடை மிக இறுகியிருந்த நேரம் அது, மின்வெட்டு, மருந்து இல்லை, கொரோனா வேறு. ஆனால் கைபேசி இணையம் 2018 கடைசியில் வந்திருக்காவிட்டால் ஒரு ஊர்ச் செய்தி மறு ஊருக்குத் தெரிந்திருக்காது. நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் 4 லட்சத்துக்கும் மேல் கியூபர்கள் அமெரிக்க எல்லையில் போய் நின்றார்கள். பழைய தெப்பக் கதை, இந்த முறை தரைவழி.

ஒபாமா 2014இல் தளர்த்தினாரே, அப்போது கட்சி இறங்கி வந்ததா என்று கேட்டால், அதுவும் இல்லை. அவரால் முழுசாக எடுக்கவும் முடியாது. 1996இல் வந்த ஹெல்ம்ஸ்-பர்ட்டன் சட்டம் தடையைச் சட்டமாகவே இறுக்கிவிட்டது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் அவிழ்க்க வேண்டும். அது போட்ட நிபந்தனைகளில் ஒன்று, புதிய அரசில் ஃபிடலும் ராவுலும் இருக்கக் கூடாது. நீ ஒழிந்தால் உன் மேல் உள்ள தடையை எடுக்கிறேன் என்றால் எவன் பேச வருவான்?

போலந்தை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1981 டிசம்பரில் அங்கே இராணுவச் சட்டம் வந்ததும் ரீகன் தடை போட்டார். கைதிகளை விடு, படிப்படியாக எடுக்கிறேன் என்ற பேரம் அது. 1986 செப்டம்பரில் அரசியல் கைதிகள் வெளியே வந்தார்கள், 1987 பிப்ரவரியில் மிச்சத் தடை போனது. 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி போனதற்குக் கோர்பச்சேவ், சாலிடாரிட்டி தொழிற்சங்கம், திருச்சபை, கடன் என்று ஆயிரம் காரணம் உண்டு, தடையைத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம். ஆனால் வாசல் வைத்துக் கட்டிய தடை அது. வியட்நாம் எதிர்ப்பக்கம். 1986இல் தானாகவே சந்தையைத் திறந்தது, 1994இல் கிளின்டன் தடையை நீக்கினார், கட்சி இன்னும் ஹனோயில்தான் இருக்கிறது.

சரி, தமிழில் எதை எழுதுவது? குறிப்பிட்ட சரக்கையோ முழு வாணிபத்தையோ நிறுத்தினால் வாணிபத்தடை, அது எம்பார்கோ. கப்பலும் படையும் சூழ்ந்து நின்றால் மட்டும் முற்றுகை. மக்கள் தாமாக வாங்காமல் விட்டால் புறக்கணிப்பு. நடத்தையைத் திருத்தச் சொல்லிப் போடுகிற சாங்ஷனுக்கு ஒறுப்பு என்ற சொல் உண்டு, ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம் என்று குறளில் வருகிற அதே ஒறுத்தல். கத்தோலிக்க வீடுகளில் தவக்காலத்தில் ஒறுத்தல் என்று இன்றும் சொல்கிறார்கள், புனிதமும் தண்டனையும் ஒன்றாக ஒட்டியிருப்பதால் லத்தீன் மூலத்துக்கு இதைவிடக் கிட்டத்தில் வேறு சொல் இல்லை. ஆனால் செய்தித் தலைப்பில் போட்டால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள்.

என் ஓட்டு தண்டத்துக்கு. சாம, தான, பேத, தண்டம் என்று ராஜதந்திரத்தில் நாலாவதாக நிற்கிற சொல், பொருளாதார தண்டம் என்றால் எவருக்கும் புரியும். தண்டச்சோறு என்கிறோமே, அந்த வீண் என்ற பொருளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும், கியூபா விஷயத்தில் அதை நான் குறையாக நினைக்கவில்லை. பெரியப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப லோனுக்கு?" என்றார். ஒப்புதல் பெரியப்பா, அதற்கு ஒப்புதல்.