அடுத்த முறை எப்போது வருவார்கள்? முதியோர் இல்லத்து மனச்சோர்வும் குடும்பமும்

முதியோர் இல்லங்களில் மனச்சோர்வு பெரும்பாலும் அழுகையாக வெளிப்படுவதில்லை. காலையில் வைத்த இட்லியில் பாதி தட்டிலேயே கிடக்கும். குளிக்கச் சொன்னால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று பதில் வரும். விடிவதற்கு வெகு முன்பே விழித்துக்கொண்டவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். முதுகுவலி, வயிற்று மந்தம், கால் எரிச்சல் என்ற முறையீடுகள் மட்டும் நாளுக்கு நாள் கூடும். "வயசானா அப்படித்தான்" என்று பணியாளர்களும் பிள்ளைகளும் இவற்றைக் கடந்துவிடுவதால்தான் சிகிச்சையால் தணியக்கூடிய ஒரு நோய் பல இல்லங்களில் கண்டறியப்படாமலே போகிறது.

பசியின்மையும் தூக்கக் குறைவும் பிற நோய்களாலும் வரும் என்பதால், முதியவர்களுக்கெனத் தனி அளவுகோல் தேவைப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜெரோம் யெசவேஜ் குழுவினர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய 30 கேள்விகள், 1986இல் 15 ஆகச் சுருக்கப்பட்டன. அவை உடல் உபாதைகளை ஏறக்குறைய விட்டுவிட்டு, வாழ்க்கை வெறுமையாகத் தோன்றுகிறதா, பிடித்த காரியங்களைக் கைவிட்டுவிட்டீர்களா என ‘ஆம்’, ‘இல்லை’ என்ற விடைகளை மட்டுமே கேட்கின்றன. மறதி நோய் முற்றியவரால் இவற்றுக்கும் நம்பகமாக விடை சொல்ல இயலாது. அவருக்காக 1988இல் வந்த கார்னெல் அளவுகோல், அவரை நன்கறிந்த ஒருவரிடமும் விசாரிக்கச் சொல்கிறது. அம்மா முன்பு எப்படி இருந்தார் என்பதைக் குடும்பத்தைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

இல்லத்தில் சேருபவர் இழப்பது வீட்டை மட்டுமன்று. எப்போது எழுவது, என்ன உண்பது, விளக்கை எப்போது அணைப்பது, யாரோடு அறையைப் பகிர்வது என்ற சிறுசிறு முடிவுகள் எல்லாம் ஒரே நாளில் பிறர் கைக்குப் போய்விடுகின்றன. துணையின் மரணம், மங்கும் செவி, நாட்பட்ட வலி ஆகியவற்றின்மேல் இந்த இழப்பும் வந்து சேர்கிறது.

பார்க்க வருபவர்கள் இதை எவ்வாறு மாற்றுகிறார்கள் என்பதை ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1976இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாகக் காட்டியது. முதியோர் இல்லவாசிகள் 40 பேர் நான்கு பிரிவாக்கப்பட்டனர். முதற்பிரிவினர், தங்களைக் காண வரும் கல்லூரி மாணவர் எப்போது வரவேண்டும், எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானித்தனர். இரண்டாம் பிரிவினருக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் வரும் நேரம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. மூன்றாம் பிரிவினரிடமும் மாணவர்கள் ஏறக்குறைய அதே அளவு நேரம் செலவிட்டார்கள், ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். நான்காம் பிரிவினரிடம் எவரும் அனுப்பப்படவில்லை. முடிவில் முதலிரு பிரிவினரும் உடலாலும் மனத்தாலும் தேறியிருந்தனர். திடீர் வருகையைப் பெற்றவர்களோ, எவருமே வராதவர்களிடமிருந்து அதிகம் வேறுபடவில்லை. 40 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆயினும் ஷுல்ஸ், பார்பரா ஹனுசா என்ற ஆய்வாளருடன் 1978இல் வெளியிட்ட தொடர் ஆய்வு நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிறது: வருகைகள் நின்றபின், முன்பு தேறியிருந்த அதே இரு பிரிவினர்தாம் நலம் குன்றிப்போனார்கள். கொடுத்த பிடிமானத்தை ஓசையின்றிப் பறிப்பது அத்தனை தீங்கானது.

இதற்கு மூளையில் ஓர் அடிப்படை உண்டு. அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967இல் செய்த சோதனைகளில், தவிர்க்கவே முடியாத மின்னதிர்ச்சிக்கு உள்ளான நாய்களில் பல, பின்னர் தப்ப வழியிருந்தும் முயலாமல் கிடந்தன. அவை இயலாமையைக் கற்றுக்கொண்டன என்று அன்று கருதப்பட்டது. எலிகளின் மூளையை ஆராய்ந்த பின், 2016இல் அவர்களே அந்த விளக்கத்தைத் திருத்தினார்கள். நீடித்த துன்பத்தில் முடங்குவதே உயிரின் இயல்பான எதிர்வினை. மூளைத்தண்டில் செரட்டோனின் வெளியிடும் ஒரு நரம்பணுத் தொகுதி அதைத் தூண்டுகிறது. நிலைமை தன் கட்டுக்குள் இருப்பது தெரியவந்தால், முன்மூளையின் ஒரு பகுதி அத்தொகுதியை அடக்குகிறது. மனிதரின் மனச்சோர்வு இதைவிடச் சிக்கலானது என்றாலும், ஷுல்ஸ் கண்டதைப் புரிந்துகொள்ள இது பெரிதும் உதவுகிறது.

ஆகவே, நினைத்தபோது மூன்று மணி நேரம் இருந்துவிட்டு வருவதைவிட, ஞாயிறு 11 மணி என்று பேசிவைத்து அரைமணி நேரம் இருப்பதே மேல் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அந்த நாளையும் நேரத்தையும் அப்பாவே தேர்ந்தெடுக்கட்டும். வெளிநாட்டிலிருந்து பேசும் பிள்ளைக்கும் இதுவே பொருந்தும். வர முடியாவிட்டால் முன்னதாகச் சொல்லி, மாற்று நாளையும் அவரிடமே கேட்கவேண்டும். எந்தச் சட்டை, எந்தப் பலகாரம், பேரனின் பெயர்சூட்டு விழாவுக்கு என்ன சீர் என்ற முடிவுகளையும் அவரிடம் விட்டுவிடலாம்.

குடும்பத்தின் அன்பு மட்டுமே மருந்தாகிவிடாது. தைராய்டு சுரப்புக் குறைவும் பி12 குறைபாடும் மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கும் என்பதால், முதலில் இரத்தப் பரிசோதனை தேவை. மனச்சோர்வு மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். அவற்றுள் சில, முதியவர்களின் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துக் குழப்பத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கலாம் என்பதால், தொடக்க வாரங்களில் பேச்சிலும் நடையிலும் மாற்றம் தெரிந்தால் மருத்துவரிடம் சொல்லவேண்டும். "நான் இருந்து யாருக்கு என்ன பயன்" என்ற சொல்லை மட்டும் புலம்பல் என்று ஒதுக்கவே கூடாது. அன்றைக்கே மனநல மருத்துவரை நாடவேண்டும். இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, முதியோர் உதவி எண் 14567.