பாமாயில் வழக்கு: எந்த எண்ணெய் என்பதைவிட எந்த மண் என்பது முக்கியம்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதைக் கடையில் வடை வேகும் சட்டியில் இருப்பது பெரும்பாலும் பாமாயில்தான். மலேசியாவில் மானிய விலைக்குக் கிடைக்கும் ஒரு கிலோ பொட்டலமும் அதுவே, 2.50 ரிங்கிட். வெளிநாட்டில் அதே எண்ணெய்க்கு, காட்டை அழித்து ஒராங் ஊத்தான் குரங்கைக் கொல்லும் எமன் என்று பெயர். சூரியகாந்திக்கு மாறுங்கள் என்கிறார்கள். இங்கேயோ, "வெள்ளைக்காரன் தன் எண்ணெயை விற்கத்தான் இப்படிப் பேசுகிறான்" என்பார்கள். இரண்டு தரப்பும் பாதிக் கணக்கைத்தான் காட்டுகின்றன.

முதலில் விளைச்சல். பாமாயில் தரும் மரமான செம்பனை, ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 டன் எண்ணெய் தரும். உலகச் சராசரியில் சூரியகாந்தி ஒரு டன்னைக்கூடத் தொடாது. சோயா அரை டன்னுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். ஏன் இவ்வளவு வித்தியாசம்? சோயாவும் சூரியகாந்தியும் ஆண்டுப் பயிர்கள். ஒவ்வொரு முறையும் முளைத்து, இலை விரித்து, காய்த்து, சாக வேண்டும். செம்பனை சுமார் 25 ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்று, பூமத்தியரேகைக்குப் பக்கத்து வெயிலை ஆண்டு முழுக்கப் பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு பயிர்களும் எண்ணெயை விதைக்குள் சேமிக்கின்றன. செம்பனை பழத்தின் சதையிலேயே தேக்குகிறது. கொட்டைக்குள் இருப்பது வேறு எண்ணெய், அது தனி வரவு.

இந்த விளைச்சலில் ஒரு வண்டுக்கும் பங்கு உண்டு. செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. மரம் இங்கே வந்தது, அதற்கு மகரந்தம் சுமக்கும் வண்டு அதோடு வரவில்லை. அதனால் தோட்டங்களில் ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. 1981-இல் கேமரூனிலிருந்து அந்த வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது.

ஆனால் ஹெக்டேர் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சோயாவை எண்ணெய்க்காக மட்டுமா பயிரிடுகிறார்கள்? அந்த விதையில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்குதான். மிச்சம் பெரும்பாலும் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாகப் போகும் புண்ணாக்கு. முழு நிலத்தையும் எண்ணெயின் தலையில் கட்டி, "பார், சோயா எவ்வளவு நிலத்தை விழுங்குகிறது" என்று சொல்வது நியாயமில்லை. செம்பனைக்காரர்கள் இதை லேசில் சொல்லமாட்டார்கள்.

அப்புறம், அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது என்ற கேள்வி. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரத்தில் தொடங்கியது. நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் சீவிய தோட்டங்கள் பலவும் பின்னர் செம்பனைக்கு மாறின. அங்கே காடு எப்போதோ ரப்பருக்குப் போய்விட்டது. செம்பனை வந்ததால் புதிதாகக் காடு அழியவில்லை. போர்னியோ தீவில் மழைக்காட்டை வெட்டி நட்ட மரத்துக்கு இந்தச் சமாதானம் செல்லாது.

அதைவிட மோசம், பீட் எனப்படும் சதுப்புக் கரிமண். தண்ணீரில் மூழ்கிய இடத்தில் உதிரும் இலையும் கட்டையும், ஆக்சிஜன் கிடைக்காததால், முழுசாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்த மண் அது. செம்பனையின் வேருக்குத் தேங்கிய நீர் ஆகாது. எனவே கால்வாய் வெட்டி நீரை இறக்குகிறார்கள். உடனே காற்று உள்ளே போகிறது, நுண்ணுயிர்கள் தின்னத் தொடங்குகின்றன, புதைந்திருந்த கரிமம் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. நிலம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டே போகும். எவ்வளவு நல்ல விளைச்சலும் இந்த இழப்பை ஈடுகட்டாது. காய்ந்த பீட்டில் தீப்பிடித்தால் மண்ணுக்கு அடியிலேயே வாரக்கணக்கில் புகையும். 2015-இல் கோலாலம்பூரில் பள்ளிகளை மூட வைத்த புகைமூட்டத்துக்கு இந்தோனேசியாவில் எரிந்த இத்தகைய நிலங்கள் பெரிய காரணம்.

சரி, கடைக்குப் போகும் எண்ணெய் எந்த மண்ணிலிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழத்தின் அவசரம் இங்கே உதவுகிறது. குலையை வெட்டியதும், அடிபட்ட பழத்திலுள்ள நொதிகள் எண்ணெயைச் சிதைத்துப் புளிப்பேற்றிவிடும். அதனால் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுபோய் நீராவியில் வேகவைக்கப் பார்க்கிறார்கள். குலைகள் வெகுதூரத்திலிருந்து வந்திருக்க முடியாது. ஆலையின் பெயர் தெரிந்தால், அதைச் சுற்றியுள்ள வட்டாரத்தின் பழைய, புதிய செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, எங்கே காடு குறைந்தது என்று பார்க்கலாம். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தின் விளைபொருளை ஏற்பதில்லை என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், ஆலையோடு நிற்காமல் தோட்டத்தின் இருப்பிடத்தையே கேட்கிறது. பெரிய நிறுவனங்களிடம் வரைபடம் தயார். இடைத்தரகரிடம் குலை விற்கும் சின்னத் தோட்டக்காரரின் பழம் லாரியிலேயே பத்துப் பேர் பழத்தோடு கலந்துவிடுகிறது, சிக்கல் அங்கேதான்.